நாய்க்கும் பெயர் எழுதிய ஊர்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணியினரே, எதிரணியினரே, ட்யூட்டி முடித்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களே, வணக்கம்.

பெருந்தொற்றில் செவிலியர்களை வழிநடத்தியவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை எது? பெயர் சொல்லித் தரும் விருதா, ஊதிய உயர்வும் பணி நிரந்தரமுமா? இதுதான் தலைப்பு. நான் விருதின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி, "விருதைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் நீட்டினால் அரிசி போடுவார்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன். நியாயமான கேள்விதானே.

ஆனால் ஓரிடத்தில் தம்பி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு விளக்கேற்றினோம். மே 3 அன்று மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். "உங்கள் விருதும் இந்த வகையறாதான்" என்றார். இல்லை தம்பி. மேலேயிருந்து கொட்டிய பூ யார் தலையில் விழுந்தது? கட்டடத்தின் தலையில். உள்ளே யார் என்ன முடிவெடுத்தார் என்று அந்தப் பூவுக்கு எப்படித் தெரியும்? இன்னார், இன்ன நாளில், இன்னது செய்தார் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு தாளைத்தான் நான் கேட்கிறேன்.

என் அம்மா ஓர் அரசு மருத்துவமனையில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தவர். எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். 2021 மே, இரண்டாம் அலை. வீட்டுக்கு வந்தால் பின்கட்டில் குளித்துவிட்டு நேரே மொட்டைமாடி அறைக்குப் போய்விடுவார். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நான் இறங்கிய பிறகுதான் கதவு திறக்கும். ஒருநாள் கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, கையில் பென்சில். மறுநாள் ட்யூட்டி லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெயர் எழுதுவார், இரண்டை அழிப்பார். நைட்டி முழுக்க ரப்பர் தூள்.

பேனாவைத் தொடவே மாட்டார். விடிவதற்குள் யாருக்காவது பாசிட்டிவ் என்று போன் வரும், லிஸ்ட் தலைகீழாகிவிடும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டிருந்தார். அவர்கள் கைக்குழந்தைக்காரர்கள். சிலவற்றுக்கு முக்கோணம். அவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கும் மூன்று பேரைப் பிரிக்காமல் ஒரே ஷிப்டில் போட்டிருந்தார். தோழிகளைப் பிரிக்க மனசு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். "அதெல்லாம் இல்லடி. ஒருத்திக்கு வந்தா அந்த ரூமையே தனிமைப்படுத்திடுவாங்க. ஆளுக்கொரு ஷிப்டுல போட்டு வச்சிருந்தா மூணு ஷிப்டுலயும் ஓட்டை விழும். ஒரே ஷிப்டுன்னா ஒண்ணோட போச்சு" என்றார். வாசலில் நின்று கேட்ட எனக்கு ஆறிய சோறு ஞாபகமே இல்லை.

நடுவர் ஐயா, இதை என்னவென்று சொல்வது? மேடையில் ஏறினால் எல்லோரும் தியாகம் என்கிறோம், வெள்ளுடை தேவதை என்கிறோம். தேவதைக்கு எதற்கு ஐயா ட்யூட்டி லிஸ்ட்? அம்மா அன்றைக்குப் போட்டது கணக்கு. அதைத் தியாகம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால் அந்தக் கணக்கைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. தேவதைக்குச் சம்பளமும் கேட்க வேண்டியதில்லை. இந்த வரியை எதிரணிக்குக் கடனாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கே இதுதான் நடந்தது. அவர் பிறந்து 200 ஆண்டு என்பதால் 2020ஐச் செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டுக்கு எப்படிப்பட்ட விருந்தாளி வந்தான் பாருங்கள்! கிரிமியப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களில் செத்த சிப்பாய்கள்தான் அதிகம் என்று மாதவாரியாகக் கணக்கெடுத்து, படம் வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்த பெண்மணி அவர். நாம் என்ன செய்தோம்? விளக்கை மட்டும் கையில் கொடுத்து நிறுத்திவிட்டோம்.

சரி, பெயர் சொல்லிப் பாராட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். சாண்ட்ரா லிண்ட்சே என்று ஒருவர். ஜமைக்காவில் பிறந்து, இளம் வயதில் நியூயார்க் வந்து செவிலியர் ஆனவர். லாங் ஐலண்ட் ஜூயிஷ் மருத்துவமனையில் அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கு இயக்குநராக இருந்தவர். சொந்த அத்தையையும் மாமாவையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்தவர். 2020 டிசம்பர் 14 அன்று, கேமராக்களுக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டினார். சோதனைக் கட்டத்துக்கு வெளியே அமெரிக்காவில் முதலில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அங்கே கறுப்பின மக்களுக்கு அரசு மருத்துவத்தின் மேல் அவநம்பிக்கை இருப்பதற்குக் காரணம் உண்டு. டஸ்கிகீ என்ற ஊரில் 1932லிருந்து 40 ஆண்டுகள், மேகநோய், அதாவது சிபிலிஸ், வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்த மக்களுக்கு முன்னால் அவர்களில் ஒருத்தி, அதுவும் ஐசியுவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருத்தி, கையை நீட்டினாள். 2022 ஜூலையில் அதிபர் பைடன் அவருக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அணிவித்தார். வார்டுக்குள் இருந்த குரல் நாட்டுக்கே கேட்டது. சம்பள உயர்வு மட்டும் கொடுத்திருந்தால் அது அவர் வங்கிக் கணக்கோடு நின்றிருக்கும்.

எதிரணித் தலைவர் அண்ணன் கடைசியாக எடுக்கப்போகும் அஸ்திரம் எது என்று எனக்குத் தெரியும். பெருந்தொற்றுக்காக நம் மாநிலத்தில் தற்காலிகமாகச் சேர்த்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. புத்தாண்டு அன்று வேலை இல்லை. அண்ணன் இதைச் சொல்லும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அண்ணனை ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டாயிரம் பேரில் ஒரே ஒருவர் பெயர் இந்த அரங்கத்தில் யாருக்காவது தெரியுமா? எண்ணிக்கையாக இருப்பவர்களை ஒரே உத்தரவில் அனுப்பிவிடலாம். ஊரைக் கூட்டி, இந்த வார்டை இவர்தான் நடத்தினார், இவரோடு இன்னின்னார் நின்றார்கள் என்று வாசித்து மாலை போட்டவர்களால் மறுநாள் அவ்வளவு சுலபமாகக் கதவைச் சாத்த முடியாது. விருது வந்தால் வேலை நிரந்தரம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பெயரே தெரியாதவருக்காக யார் சண்டை போடுவது என்றுதான் கேட்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். வீரன் ஒருவன், பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் அது செய்த வேலையும் எழுதிய ஊர் ஐயா இது. நாம் எழுதியது என்ன? "செவிலியர் உள்ளிட்ட முன்களப் பணியாளர்கள்". அந்த "உள்ளிட்ட"வுக்குள் எத்தனை பேரைத் திணித்திருக்கிறோம்!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அம்மா ஓய்வு பெற்ற அன்று ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நான்கு பேர் பேசினார்கள். அன்பானவர், பொறுமையானவர், முகம் சுளிக்காதவர் என்றார்கள். ட்யூட்டி லிஸ்ட் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடிகாரம் ஆறே மாதத்தில் நின்றுவிட்டது, செல் மாற்றியும் ஓடவில்லை. பென்சில் நோட்டுகள் மொத்தம் ஏழு. பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

வணக்கம்.