கோபுரத்துக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

மொரீஷியஸில், மாஹேபூர் கரையிலிருந்து கிழக்கே, ஏரி மாதிரி அடங்கிக் கிடக்கும் காயலின் விளிம்பில் இருக்கிறது இல் ஓ ஃபுக்கே என்ற குட்டித் தீவு. 1864இல் கட்டிய விளக்குக் கோபுரம் அங்கே பாழாக நிற்பதால் படகோட்டிகள் 'இல் ஓ ஃபார்', அதாவது விளக்குத் தீவு, என்பார்கள். பக்கத்தில், கப்பல்கள் காயலுக்குள் நுழையும் வழியில்தான் 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயர் 4 போர்க்கப்பல்களைப் பறிகொடுத்தார்கள். அது வேறு கதை. இன்று பேச வந்தது கல்லுக்குக் கல் இணைக்கும் காரையைப் பற்றி.

இந்த மாதிரிப் பழஞ்சுவரில் கல் பிளந்தால் முதலில் கேட்பது, "ரெண்டு மூட்டை சிமெண்ட் கொண்டு போகலாமா?" கூடாது. தென்கிழக்குக் காற்று உப்புச் சாரலைச் சுவருக்குள் ஏற்றுகிறது. பழைய சுண்ணாம்பு இணைப்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அடைத்துவிடும். வழியில்லாத ஈரம் கல் வழியாக வெளியேறும். அங்கே உப்பு படிகமாகி, கல்லின் முகத்தையே தகடு தகடாக உரிக்கும். இணைப்பு மட்டும் புதிதாக நிற்க, நடுவில் கல் குழிந்துபோயிருந்தால் அது சிமெண்டின் வேலை. தேய வேண்டியது காரைதான், கல்லல்ல. காரையை மறுபடி வைக்கலாம்.

சரி, எப்படி வைப்பது? சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றிய களியைத் தண்ணீருக்கடியில் 3 மாதமாவது ஊறவிடுங்கள். நீறாத கட்டி ஒன்று தங்கினாலும் பின்னால் சுவருக்குள் உப்பிக் காரையைத் தள்ளும்.

களி 1 பங்கு, மணல் 3 பங்கு. காயல் மணல் 2001 முதல் தடை, எடுத்தாலும் உப்பு. கருங்கல் உடைத்த ராக்ஸாண்ட் போதும், ஆனால் அதன் தூசியைக் கழுவிவிடுங்கள். தூசி மிகுந்தால் காரை சுருங்கி வெடிக்கும். காற்று முகத்துக்கு மட்டும் மணலில் கொஞ்சம் குறைத்து, நன்றாகச் சுடாத செங்கலின் தூளைச் சேர்க்கலாம். சாரலிலும் இறுகும். நம் ஊர்க் கொத்தனார்கள் சுர்க்கி என்பது இதைத்தான். பிரெஞ்சு ஆளுநர் லபுர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் பாடம் சொல்ல வேண்டியிருந்திருக்காது!

இணைப்பின் அகலம் எவ்வளவோ அதைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டுங்கள். உளியும் சுத்தியலும்தான், கிரைண்டர் கல்லின் ஓரத்தைக் கடித்துவிடும். நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டு, ஒரு அடுக்கில் 15 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அமுக்குங்கள். விரல் நகம் பதியும் பதத்தில், முரட்டுத் தூரிகையின் முனையால் தட்டுங்கள். மேலே மினுங்கும் சுண்ணாம்புப் பால் போய்த் துளைகள் திறக்கும். அப்புறம் ஈரச் சாக்கு, ஒரு வாரம். காற்று சாக்கைத் தூக்கிவிடும், கட்டிவையுங்கள்.

சுவருக்குள் பழைய இரும்பு இருந்தால் அதை முதலில் பாருங்கள். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். கல்லைப் பிளந்தாவது அதை எடுத்துக்கொள்ளும். இரும்பை விட்டுவிட்டுப் பூசினால் பூச்சு வீண்.

கடைசியாக, தண்ணீர். கடல்நீரில் காரை குழைக்கக் கூடாது. ஊறவைக்க, நனைக்க, கழுவ, எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீரைப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் நவம்பருக்கு முன், புயல் காலம் தொடங்காதபோதே, படகை முதலில் பேசிவையுங்கள், கொத்தனாரை அப்புறம்.