குளிர் ஊரில் எப்படி வருகிறது மங்கு?

(திரையில்: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள்.)

வணக்கம். "இங்கே வெயிலே சுடாது, அப்புறம் எப்படி முகத்தில் மங்கு?" நீலகிரியில் இருக்கிற நமக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

குளிர் வேறு, வெயிலோடு வரும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வேறு. 1,000 மீட்டர் மேலே ஏறினால் அந்தக் கதிரின் வலு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டரில். மெல்லிய மேகத்தைத் தாண்டியும் கதிர் இறங்கும். உடம்பு சுடாததால் நாம் நிழல் தேடுவதே இல்லை.

(திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம்.)

தோலுக்கு நிறம் தருவது மெலனின். கதிர் பட்டால், அதைச் சுரக்கும் செல்கள் கூடுதலாக வேலை செய்யும். கர்ப்ப காலமும் கருத்தடை மாத்திரையும் குடும்ப வாகும் அதைத் தூண்டிவிடும். அப்போது இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலும் கருமை படரும். அதுதான் மங்கு. பரு ஆறிய இடத்துக் கருமை வேறு, அது பெரும்பாலும் மெல்ல மெல்லத் தானே குறையும். கழுத்துப் பிடரி தடித்துக் கறுத்தால் க்ரீம் தேடாதீர்கள், முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

(திரையில்: கையில் ஒரு க்ரீம் ட்யூப். பின்பக்கம் திருப்புகிறார்கள்.)

இதைக் கவனமாகக் கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல்... இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். போகப் போகத் தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலோடு கருமையும் திரும்பி வரும். மருத்துவர் பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் பூசிய முகங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம், அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

சரி, என்னதான் செய்வது? முதல் மருந்து சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் (ட்யூபில் போட்டிருக்கும் வெயில் காப்பு எண்) 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுவதால், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. தலைத்துண்டு கன்னத்தை மறைக்காது, ஓரம் அகன்ற தொப்பி மறைக்கும்.

அதற்கு மேல் தோல் மருத்துவர்தான். அசெலாயிக் அமிலம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், சிலருக்கு ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை என்று ஆளுக்குத் தகுந்தபடி தருவார். ஸ்டீராய்டையே அளவோடு, சில வாரத்துக்கு மட்டும் சேர்ப்பதும் உண்டு. ஹைட்ரோகுவினோனை இஷ்டத்துக்கு நீட்டினால் தோல் நீலங்கலந்து கறுத்துவிடும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வெயிலில் அசட்டையாக இருந்தால் மறுபடி வரும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ட்ரானெக்ஸாமிக் மூன்றும் இப்போது வேண்டாம். தொப்பியும் சன்ஸ்கிரீனும் போதும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு மங்கு தானாகவே குறையும். குறையாவிட்டால், பால் கொடுப்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.