ஐந்தாம் எண் கொடி

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுன் பெருமக்களே, வணக்கம்.

வரைபடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் கொடிகளைத் தேடி ஓடும் ஓரியண்டியரிங் போட்டியில் ஏற்பாட்டாளர் பாதையில் தவறு செய்துவிட்டால் எது நியாயம்? பிழைபட்ட பகுதியின் நேரத்தை மட்டும் கழித்துவிட்டு முடிவைச் சொல்வதா, அந்தப் பாதையில் ஓடிய பிரிவின் போட்டியே செல்லாது என்று அறிவிப்பதா? செல்லாது என்பதே நியாயம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழி, "அரிசியில் ஒரு கல் கிடந்தால் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு உலை வைப்போம், மூட்டையையா கொட்டுவோம்?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும் தட்டினேன். ஆனால் தோழி, நம் தே தாரிக் தேநீரில் உப்பு விழுந்திருந்தால் எதைப் பொறுக்குவீர்கள்?

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு நிமிடம். கையில் வரைபடமும் கம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். வரைபடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி இருக்கும். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர்தான். வரிசை மாறாமல் அத்தனையையும் தொட்டு, விரலில் மாட்டிய சிப்பை, அதாவது வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சின்ன மின்னணுக் கருவியை, அங்கே பதிய வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் மூளையைப் பொறுத்தது. 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்கு முதல் போட்டி நடத்திய காலத்தில் சிப் கிடையாது, ஆனால் சாரம் இதுதான். அப்புறம் முக்கியமானது: எல்லோரும் ஒன்றாக ஓட மாட்டார்கள். இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓடிவிடக் கூடாதே!

சரி, கதைக்கு வருகிறேன். நான் பள்ளியில் நான்காம் படிவம் படித்தபோது தண்ணீர்மலைப் பக்கத்துக் காட்டில் மாணவர் போட்டி. பத்துக் கொடிகள். ஐந்தாவது, ஒரு பெரிய பாறையின் கிழக்குப் பக்கம் இருக்க வேண்டும். மாட்டியவர் பக்கத்து ஓடையில் இருந்த வேறு பாறையில் மாட்டிவிட்டார். 80 மீட்டர் தள்ளி. நம் ஊர்க் காட்டில் பிரம்புப் புதருக்கு அந்தப் பக்கம் எட்டு மீட்டரில் யானை நின்றாலும் தெரியாது.

என் வகுப்புத் தோழன் முன்னாலேயே கிளம்பியவன். சரியான பாறைக்குத்தான் போனான். சுற்றினான், மேலே ஏறிப் பார்த்தான், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 12 நிமிடம். வரைபடத்தைச் சரியாகப் படித்தது ஒன்றுதான் அவன் செய்த குற்றம். நான் கடைசியாகக் கிளம்பியவர்களில் ஒருவன். நான் போகும்போது ஓடைக்குள் ஏழெட்டுப் பேர் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்த பக்கம் போனேன், கொடி எண்ணைப் பார்த்தேன், சிப்பைப் பதிந்தேன், கிளம்பிவிட்டேன்.

பிறகு ஏற்பாட்டாளர்கள் எதிரணி சொல்வதையே செய்தார்கள். நாலாவது கொடிக்கும் ஆறாவது கொடிக்கும் இடைப்பட்ட நேரத்தை எல்லோருக்கும் கழித்தார்கள். எனக்கு மூன்றாமிடம், பதக்கம். அவனுக்குப் பதினொன்றாமிடம்.

ஏன் பதினொன்று? ஒரு கொடியை விட்டாலும் பட்டியலில் இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனால் தன் போட்டி முடிந்துவிட்டது என்று நினைத்து மீதி ஐந்துக்கும் நடந்தே போனான். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி மண்ணைத் தட்டினானாம். நீங்கள் கழித்தது ஐந்தாவது கொடியை. அவன் தோற்றது ஏழிலும் எட்டிலும். அதை எந்தக் கால்குலேட்டரில் கழிப்பீர்கள்?

மறுபக்கமும் உண்டு. தேடுகிறேன் என்று 12 நிமிடம் இளைப்பாறியவர் அடுத்த மேட்டில் புதுக்காலோடு ஏறுவார். அந்த நேரத்தைக் கழித்துவிட்டதால் ஓய்வு அவருக்கு இலவசம்! அதுதான் உப்பு. கரைந்துவிட்டது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1961-இல் தொடங்கிய பன்னாட்டு ஓரியண்டியரிங் கூட்டமைப்பின் விதியே, போட்டி குறிப்பிடத்தக்க அளவு நியாயமற்றதாகிவிட்டால் ஏற்பாட்டாளர் அதைச் செல்லாததாக்க வேண்டும் என்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஏற்பாட்டாளரின் பதில் பிடிக்கவில்லையா, 15 நிமிடத்துக்குள் போட்டியின் நடுவர் குழுவிடம் எழுத்தில் முறையிடலாம்.

"அப்படியானால் சின்னப் பிழைக்கெல்லாம் ரத்தா?" என்று அடுத்துப் பேசும் அண்ணன் கேட்பார், எனக்குத் தெரியும். இல்லை அண்ணே. புயலில் விழுந்த மரம் வரைபடத்தில் இல்லை என்றால், முதலில் போனவருக்கும் கடைசியில் போனவருக்கும் அது ஒரே மரம். முடிவு நிற்கட்டும். ஆளுக்கொரு காடாக மாறினால்தான் நான் செல்லாது என்கிறேன். அதுவும் அந்தக் கொடி வழியாகப் போன பிரிவுக்கு மட்டும்.

"தாவரவியல் பூங்காக் குரங்கு கொடியைத் தூக்கிக்கொண்டு போனால் யாரைத் தண்டிப்பது?" என்று இன்னொரு தோழர் சிரிக்க வைத்தார். இங்கேதான் எதிரணி வழுக்குகிறது. செல்லாது என்பது தண்டனை இல்லை ஐயா. குரங்குக்கும் இல்லை, ஏற்பாட்டாளருக்கும் இல்லை, முதலில் வந்தவருக்கும் இல்லை. யார் முதல் என்று சொல்லும் அளவுகோல் உடைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். ஓடியதை யாரும் பிடுங்கவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள், முடிந்தால் இன்னொரு நாள் ஓட விடுங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று. அந்தப் பதக்கம் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடம் அம்மா எடுத்துக் காட்டுவார். என் தோழன் வரும் நாளில் மட்டும் அதன் முன்னால் ஒரு பூச்சாடியை நகர்த்தி வைப்பேன். அவன் இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஐந்தாவது கொடிக்குப் போகும்போது நான் வரைபடத்தைத் திறக்கவே இல்லை, மச்சான். இதை உன்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அமர்கிறேன், நடுவர் அவர்களே.