தப்பறையை வென்றது மக்களின் நாவே

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அன்பான இறைமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'ஆதித் திருச்சபையின் விசுவாசத்தைத் தப்பறைகளிடமிருந்து, அதாவது தவறான போதனைகளிடமிருந்து, காத்தது அரசாணையா, மக்களின் வழிபாடா?' என்பது இன்றைய தலைப்பு. மக்களின் வழிபாடே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மூன்று செய்திகளை வைத்தார். 325-இல் நைசீயாப் பொதுச்சங்கத்தைக் கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். ஆயர்கள் அரசு வண்டிகளில் அரசுச் செலவில் வந்து சேர்ந்தார்கள். 380-இல் பேரரசர் தியோடோசியுஸ் ஆணையிட்ட பிறகுதான் ஆரியுஸின் கொள்கை பேரரசுக்குள் ஒடுங்கியது. மூன்றும் உண்மை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 325-க்கும் 380-க்கும் நடுவே 55 ஆண்டுகள் கிடக்கின்றன. அண்ணன் அவற்றை ஒரே தாவாகத் தாண்டிவிட்டார். நான் அங்கேதான் நிற்கப் போகிறேன்.

ஆரியுஸ் யார்? அலெக்சாந்திரியா நகரில் பவுக்காலிஸ் கோவிலின் குரு. கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவர், "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு" என்று போதித்தார். அந்தப் போதனையை எங்கே விதைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கப்பலோட்டிகளுக்கும் மாவரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். இதை எழுதி வைத்தவர் அவர் பக்கத்து வரலாற்றாசிரியரான பிலோஸ்தோர்ஜியுஸ். போர்க்களம் மக்களின் வாய் என்று ஆரியுஸே கணக்குப் போட்டுவிட்டார், நடுவர் அவர்களே!

நைசீயா அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னது. கிரேக்கத்தில் ஹோமூசியோஸ். ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்கிறோமே, அந்தச் சொல்தான். நம் சீர்திருத்த சபைச் சகோதரர்கள் "ஒரே தன்மையுடையவர்" என்பார்கள். கையெழுத்திட மறுத்து ஆரியுஸோடு போன ஆயர்கள் இருவர் மட்டுமே. ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். அண்ணனின் கதை இங்கே முடிந்துவிட்டது.

அந்தப் பேரரசர் அடுத்து என்ன செய்தார்? சங்கம் கூடுவதற்கு முன்பே, இது ஒன்றுமில்லாத அற்ப விவகாரம் என்று இரு தரப்புக்கும் கடிதம் எழுதியவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது அமைதி. ஆகவே சில ஆண்டுகளில் ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். நைசீயாவுக்காக வாதாடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரை 335-இல் தொலைதூரத் திரியர் நகருக்கு அனுப்பினார். 337-இல் சாகும் தறுவாயில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு அதைக் கொடுத்தவர் யார்? நிக்கோமேதியா ஆயர் யுசேபியுஸ், ஆரியுஸின் நெருங்கிய ஆதரவாளர்.

மகன் கான்ஸ்டான்சியுஸ் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 359-இல் ரிமினி நகரில் 400-க்கும் மேற்பட்ட ஆயர்களைக் கூட்டினார்கள். முதலில் அவர்கள் நைசீயாவின் பக்கமே நின்றார்கள். ஆனால் அரசு விருப்பப்படி ஒப்புக்கொள்ளும்வரை ஊர் திரும்ப விடவில்லை. மாதங்கள் ஓடின, குளிர்காலம் வந்தது, கையெழுத்தும் வந்தது. உலகமே முனகியது, தான் ஆரியுஸ் பக்கம் ஆகிவிட்டதைக் கண்டு வியந்தது என்று ஜெரோம் பிறகு எழுதினார். அரசாணைதான் விசுவாசத்தைக் காக்கும் என்றால், நடுவர் அவர்களே, அந்த ஆண்டோடு நைசீயா செத்திருக்க வேண்டும். சாகவில்லை! ஏன்?

என்னோடு அலெக்சாந்திரியாவுக்கு வாருங்கள். 356 பிப்ரவரி 8, இரவு. தெயோனாஸ் கோவிலில் மக்கள் கண்விழித்துச் செபிக்கிறார்கள். தளபதி சிரியானுஸ் வாளும் வில்லும் ஏந்திய 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுடன் கோவிலை வளைக்கிறார். அத்தனாசியார் ஓடவில்லை, தம் இருக்கையில் உட்கார்ந்தார். திருத்தொண்டரைத் திருப்பாடல் வாசிக்கச் சொன்னார், மக்களைப் பதில் சொல்லச் சொன்னார். எந்தத் திருப்பாடல்? 136. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே பதில்: "என்றும் உள்ளது அவரது பேரன்பு." அதில் 26 வசனங்கள். எடுத்துப் பாருங்கள், பார்வோனைக் கடலில் அமிழ்த்தியது வரும், மன்னன் சீகோன் வருவான், மன்னன் ஓகு வருவான். அரசர்களை வீழ்த்திய ஆண்டவரைப் பாடும் பாட்டு அது. வெளியே அரசனின் படை, உள்ளே அந்தப் பதில். கதவு உடைகிறது. மக்கள் முதலில் வெளியேறட்டும், பிறகுதான் நான் என்று ஆயர் பிடிவாதமாக இருக்கிறார். கடைசியில் துறவிகளும் குருக்களும் அவரை இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறார்கள். மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு. அந்தப் பிணங்களின் முன்னால் நின்று, விசுவாசத்தைக் காத்தது அரண்மனை என்று யாரும் சொல்ல முடியுமா? எனக்கு நா எழவில்லை.

அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். அனுப்பியவர்கள் நான்கு பேரரசர்கள். கடைசியாக விரட்டிய வாலென்ஸ், மக்கள் கொந்தளிப்புக்கு அஞ்சிச் சில மாதங்களிலேயே திரும்ப விட வேண்டியதாயிற்று.

அடுத்து அந்தியோக்கியா. என் பாட்டி ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும் "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்று விரலில் மணியை நகர்த்தியபடி முணுமுணுப்பார். அந்த 'உம்'கள் சும்மா வந்தவையல்ல. நான்காம் நூற்றாண்டு அந்தியோக்கியாவில் ஒரு பக்கம் "மகனுக்கும்" என்றார்கள், இன்னொரு பக்கம் "மகன் வழியாக" என்றார்கள். மகனைத் தந்தைக்கு ஒரு படி கீழே வைக்க நினைத்தவர்கள் இந்த "வழியாக"வைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயர் லியோன்சியுஸ் மேல்மட்டத்தின் ஆள். மக்களைப் பகைக்கவும் பயம். அதனால் அந்த இடம் வந்தால் வாய்க்குள்ளேயே முனகிவிட்டு, "என்றென்றும்" என்ற கடைசிச் சொல்லை மட்டும் கேட்கும்படி சொல்வாராம். அரசர் வைத்த ஆயரே மக்களின் காதுக்குப் பயந்தார்! தம் நரைத்த தலையைத் தொட்டு, "இந்தப் பனி உருகினால் சேறு நிறையத் தேங்கும்" என்றும் சொன்னார், தாம் செத்தால் குழப்பம் வரும் என்ற பொருளில். அதே ஊரில் பிளாவியன், தியோதோர் என்று இரண்டு பொதுநிலையினர் இருந்தார்கள். மறைசாட்சிகளின் கல்லறைகளில் மக்களைக் கூட்டி, இரண்டு அணியாகப் பிரித்து, மாறி மாறித் திருப்பாடல் பாட வைத்தார்கள். இன்று நம் கன்னியர் மடங்களில் இருபுறமும் நின்று பாடுகிறார்களே, அந்த முறைதான்.

386-இல் மிலான் நகரிலும் இதுவே நடந்தது. ஆரியுஸ் பக்கத்தாருக்குக் கோவிலை விட்டுக் கொடுக்கச் சொல்லி அரசி யுஸ்தினா படை அனுப்பினார். மக்கள் ஆயர் அம்புரோசோடு கோவிலுக்குள்ளேயே தங்கிப் பாடினார்கள். அந்தக் கூட்டத்தில் அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் இருந்தார். இதற்கு முன்பே ஆயர் ஹிலாரி மனம் நொந்து எழுதியிருந்தார்: குருக்களின் இதயங்களைவிட மக்களின் காதுகள் புனிதமானவை. ஆரியுஸ் பக்கத்து ஆயர்கள் இரட்டை அர்த்தத்தில் போதித்ததைக்கூட மக்கள் நைசீயாவின் பொருளிலேயே கேட்டுக்கொண்டார்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து.

மக்கள் கூட்டம் எப்போதும் புனிதக் கூட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 361-இல் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் பக்கத்து ஆயர் ஜார்ஜை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அது வெட்கப்பட வேண்டிய செயல். என் அணிக்குச் சாட்சியாக அந்தக் கும்பலை நான் அழைக்க மாட்டேன். பாடியவர்களைத்தான் அழைக்கிறேன்.

இன்னொரு சாட்சி, நைசீயாவுக்கு 200 ஆண்டுகளுக்கு முந்தையது. ஏறத்தாழ 112-ஆம் ஆண்டு. ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்களாம். மேலும் அறிய, சபையில் பணியாற்றிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் அவரே எழுதுகிறார். பிளினி ஆண்ட மாகாணம் எது? பித்தினியா. நைசீயா அதே மாகாணத்து ஊர்! பிற்காலத்தில் ஆயர்கள் ஒரே சொல்லில் அடக்கியதை, அந்த மண்ணின் மக்கள் அரசன் அடித்த காலத்திலேயே பாடிவிட்டார்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். அண்ணன் பெரிதாகச் சொன்ன 380-ஆம் ஆண்டு ஆணையில் என்ன இருக்கிறது? ரோமை ஆயர் தமாசும் அலெக்சாந்திரியா ஆயர் பேதுருவும் பின்பற்றும் விசுவாசத்தையே எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்கிறது. இந்தப் பேதுரு யார்? அத்தனாசியாருக்குப் பின் அவர் இருக்கையில் அமர்ந்தவர். அமர்ந்த உடனேயே வாலென்ஸின் ஆட்களால் விரட்டப்பட்டு ரோமைக்குத் தப்பியவர். ஆணை பிறப்பதற்கு ஏறத்தாழ ஈராண்டு முன்புதான் ஊர் திரும்பினார். விசுவாசம் எது என்று கேட்டால் பேரரசர் விரல் நீட்டிக் காட்டியது, 24 ஆண்டுகளுக்கு முன் அரசின் படை கதவை உடைத்த அதே சபையைத்தான். நன்றி, வணக்கம்.