ஒரு தேதியை மாற்றினால் இன்னொன்றும் தானாக மாற

நேயர்களுக்கு வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், ஃபைல்மேக்கர், லிப்ரேஆபிஸ் பேஸ், இப்படி ஏதாவது ஒன்றில் சொந்தமாக ஒரு டேட்டாபேஸ் போட்டு வேலை பார்க்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். ஒரு ஃபீல்டில், அதாவது டேபிளின் ஒரு பத்தியில், தேதியை மாற்றினால் அதை நம்பி இருக்கிற மற்ற தேதிகளும் தானாக மாற வேண்டும், அதற்கு என்ன வழி என்று பலரும் தேடுகிறார்கள். வழி இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்த மற்ற தேதிகளைச் சேமிக்கத்தான் வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகம் கொடுத்த தேதி இருக்கிறது. அதிலிருந்து 14 நாளில் புத்தகம் திரும்ப வர வேண்டும், வருவதற்கு 2 நாள் முன்னால் வாசகருக்கு ஒரு நினைவூட்டல் போக வேண்டும். மூன்று தேதி, உடனே டேபிளில் மூன்று ஃபீல்டு போட்டுவிடுகிறோம். இதில் சேமிக்க வேண்டியது முதல் தேதி மட்டும்தான், மற்ற இரண்டும் கணக்கிலேயே வந்துவிடும். டேபிளிலிருந்து வேண்டியதை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு குவெரி எழுதி, கொடுத்த தேதியோடு 14ஐக் கூட்டுங்கள், போதும். ஆக்சஸ் உள்ளுக்குள் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1899 டிசம்பர் 30 என்பது பூஜ்யம், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும், மதியம் 12 மணி என்றால் 0.5. அதனால் சும்மா கூட்டினாலே சரியான தேதி வருகிறது. கொடுத்த தேதியை நாளைக்குத் திருத்தினாலும் குவெரியைத் திறக்கும்போது எல்லாம் புதிதாகவே கணக்காகும், பழையது எங்கேயும் தங்காது.

சரி, தகவலை நிரப்பும் திரையான ஃபார்மிலேயே, ஒரு மதிப்பை மாற்றியதும் ஓடுகிற ஆஃப்டர் அப்டேட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இரண்டு வரி எழுதினால் ஆகாதா? ஆகும், ஆனால் ஒருவர் அந்த ஃபார்மில் உட்கார்ந்து கையால் மாற்றும்போது மட்டும்தான் ஆகும். டேபிளை நேராகத் திறந்து மாற்றினாலோ, பல பதிவுகளை ஒரே தடவையில் மாற்றும் ஓர் அப்டேட் குவெரியை ஓட்டினாலோ அந்த இரண்டு வரிக்கு விஷயமே தெரியாது. கொடுத்த தேதி ஒன்று சொல்லும், திரும்ப வர வேண்டிய தேதி வேறொன்று சொல்லும், எதை நம்புவது? நேரத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஒரு வாசகரிடம் போய் அபராதம் கேட்பது நியாயமே இல்லை, எனக்கு இதில் இருக்கும் கவலையே அதுதான்.

சேமித்தே ஆக வேண்டும் என்றால் டேபிள் மட்டத்திலேயே செய்யுங்கள். ஆக்சஸில் 2010 பதிப்பிலிருந்து டேட்டா மேக்ரோ, அதாவது டேபிளோடு ஒட்டியே ஓடும் சிறு நிரல், இருக்கிறது, அதில் பதிவு சேமிக்கப்படும் முன்பே ஓடும் பிஃபோர் சேஞ்ச் என்ற இடத்தில் கணக்கை வைத்தால் எந்த வழியாக மாற்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஃபைல்மேக்கரில் தானாக நிரப்பும் கணக்கு உண்டு. ஏற்கெனவே இருக்கும் மதிப்பை மாற்றாதே என்று ஒரு தேர்வுக்கட்டம் டிக் ஆகியே இருக்கும், அதை எடுக்காவிட்டால் முதல் தடவை நிரப்பியதோடு நின்றுவிடும்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். நூலகர் ஒரு வாசகருக்கு 5 நாள் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டிய தேதியைக் கையால் மாற்றிவிடுகிறார். அப்புறம் யாரோ கொடுத்த தேதியில் ஒரு பிழையைத் திருத்துகிறார்கள், உடனே தானியங்கிக் கணக்கு ஓடி அந்த 5 நாளை அழித்துவிடுகிறது. இதற்கு மேக்ரோவில் நிபந்தனை மேல் நிபந்தனை சேர்த்துக்கொண்டு போவதைவிட, அந்த 5ஐயே ஒரு ஃபீல்டாக வையுங்கள், கூடுதல் நாட்கள் என்று. அதேபோல 14ஐயும் குவெரிக்குள் எழுதாமல் ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் நாளைக்கு விதி 21 நாள் என்று மாறினால் பழைய பதிவுகளின் கெடு தேதியும், அதாவது திரும்ப வர வேண்டிய தேதியும், சேர்ந்து மாறிவிடக் கூடாது. மனிதர் எடுத்த முடிவை மட்டும் சேமித்தால் தேதி எப்போதும் கணக்கிலிருந்தே வரும்.

மாதக் கணக்கு வேறு மாதிரி. தேதியோடு நாளோ மாதமோ கூட்டித் தரும் டேட்ஆட் என்ற ஆக்சஸ் ஃபங்ஷனில் ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால், லீப் வருடம் இல்லாவிட்டால், பிப்ரவரி 28 வரும், அது சரி. அந்த 28உடன் இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வந்து நிற்கும், 31க்குத் திரும்பாது. ஆகவே தவணைத் தேதிகளை ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போடாமல் எல்லாவற்றையும் முதல் தேதியிலிருந்தே கூட்டுங்கள். கொடுத்த தேதிக்கு டீஃபால்ட் மதிப்பாக, அதாவது தானாக முதலில் நிரம்புவதாக, இந்த நொடியின் தேதியையும் நேரத்தையும் தரும் நவ் போடாதீர்கள், நேரமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும், இன்றைக்குக் கெடு முடிகிற புத்தகங்களைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இன்றைய தேதியை மட்டும் தரும் டேட் போடுங்கள். நிரலில் தேதியை எழுதும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் குவெரி எழுதும் மொழியான ஆக்சஸின் எஸ்கியூஎல் அதை மார்ச் 4 என்று எடுக்கும், 13/04 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் ஏப்ரல் 13 என்று எடுத்துக்கொள்ளும், மாதத்தின் முதல் 12 நாளில் மட்டும் தலைகாட்டுகிற இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஏற்கெனவே கெடு தேதியைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அந்த ஃபீல்டை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் கூடுதல் நாட்கள் ஃபீல்டைச் சேர்த்து, பழைய பதிவுகளில் எல்லாம் 0 நிரப்புங்கள், காலியாக விட்டால் கூட்டலும் காலியாகவே வரும். அப்புறம் சேமித்த தேதியையும் கணக்கில் வரும் தேதியையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத பதிவுகளை மட்டும் எடுங்கள். அவற்றில் சில வெறும் பிழை, சில யாரோ யோசித்துக் கொடுத்த நாட்கள். எது எது என்று அந்தப் பதிவுகளைக் கையாண்டவர்களிடம் கேட்டு, கொடுத்த நாட்களைக் கூடுதல் நாட்களில் எழுதிய பிறகு பழைய ஃபீல்டை எடுக்கலாம்.