ஈட்டி மீன்பிடிப்பின் கெட்ட பெயர் கிளப்பால் மாறுமா?

வணக்கம். மூச்சடக்கி நீருக்குள் மூழ்கி, ஈட்டி பாய்ச்சும் துப்பாக்கியால் மீன் பிடிக்கிற நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈட்டித் துப்பாக்கியோடு கரையேறினாலே கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். கிளப், பயிற்சி என்று ஆரம்பித்தால் இந்தப் பெயர் மாறுமா?" இரண்டு நாளாக மனதைக் குடைந்துகொண்டிருக்கிற கேள்வி இது.

மாறும். ஆனால் அந்தப் பெயர் சும்மா வரவில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் கிரே நர்ஸ் என்றொரு சுறா. பல்லைக் காட்டிக்கொண்டு திரியும், மற்றபடி சாது. 1950, 60களில் ஈட்டிக்காரர்கள் அதை வீரம் காட்டுவதற்காகவே குத்திக் கொன்றார்கள். கடைசியில் 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது. அந்த நாட்டுக்காரர்தான் ரான் டெய்லர். 1965இல் ஈட்டி மீன்பிடிப்பில் உலக சாம்பியன். அவர் ஈட்டியை வைத்துவிட்டு, மனைவி வேலரியோடு சுறாக்களைப் படம்பிடிக்கவும் அவற்றுக்காகப் பேசவும் போய்விட்டார்.

"வலை மாதிரி வாரிக்கொண்டு வருவதில்லை, பார்த்துத்தான் பிடிக்கிறோம்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சரி, பார்க்கத் தெரிய வேண்டுமே? தூண்டிலில் சின்ன மீன் மாட்டினால் கழற்றி விடலாம். ஈட்டி பாய்ந்ததை விட முடியாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது: ஈட்டி பாய்ந்ததை விட முடியாது.

முகக்கண்ணாடி போட்டு நீருக்குள் பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். என் முதல் களவா மீன் பாறை இடுக்கில் முழங்கை நீளம் இருந்தது. மேலே கொண்டுவந்தால் ஒரு சாண்தான். கிளப்பில் மூத்தவர் ஒருவர் திட்டவில்லை. என் துப்பாக்கியின் நுனியிலிருந்து அளந்து, தண்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். "மீன் இதைத் தாண்டினால்தான் விசையைத் தொடணும்." மீனுக்குப் பக்கத்தில் அந்தக் கோடும் அதே அளவு பெரிதாகத் தெரியும், அதனால் ஏமாற்றாது. அதோடு முடிந்துவிடவில்லை. களவாக்களில் பல இனங்கள் முதலில் பெட்டையாக வளர்ந்து, அப்புறம்தான் ஆணாக மாறும். பெரியதையே தேடித் தேடிக் குத்தினால் ஆண்களே மிஞ்சாது. இதையெல்லாம் தனியாக நீந்துகிறவனுக்கு யார் சொல்வது?

தனியாக என்றதும்தான் ஞாபகம் வருகிறது. தனியாகப் போகலாமா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கூடவே கூடாது. வேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே தாமதமாகிவிடும். ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே வரும். மேலே ஏறும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும். அதனால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. வந்தவர் தலை தூக்கிய பிறகும் 30 விநாடி அவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மேலே இருக்கிற அந்தக் கண்தான் நீங்கள் எதைக் குத்துகிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. கிளப் என்று நான் சொல்வது முதலில் இந்த ஜோடியைத்தான். போட்டியும் கோப்பையும் அப்புறம் வரட்டும்.

அடுத்த முறை கரையில் யாராவது முறைத்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். துப்பாக்கியிலிருந்து ஈட்டியைப் பாய்ச்சும் ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். இந்த வெள்ளைக் கோடு எதற்கு என்று அவரே கேட்பார்.