பக்கிக்கும் ஓசனிச்சிட்டுக்கும் என்ன உறவு?

நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் காட்டோரச் சாலைகளில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டுபவர்கள் பக்கி என்ற ராப்பறவையைப் பார்த்திருப்பார்கள். வெளிச்சம் பட்டதும் நடுரோட்டில் கண்கள் சிவப்பாக மின்னும். சக்கரம் கிட்டே வரும்வரை அசையாது. கடைசி நொடியில் சத்தமில்லாமல் எழும்பும்.

பகலில் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறப்பது பனை உழவாரன். தொங்கும் காய்ந்த ஓலையின் அடியில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். மற்ற பறவைகள்போல் கிளையில் உட்கார அதன் கால் ஆகாது, ஓலையைப் பற்றித் தொங்கத்தான் முடியும். அந்த ஓலையையும் வெட்டிவிட்டால் அது எங்கே போகும், சொல்லுங்கள்.

இவை இரண்டும், அமெரிக்கக் கண்டங்களில் பூவின்முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டும், அதாவது ஹம்மிங்பேர்டும், ஒரே வம்சம். நம்பக் கஷ்டம்தான். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே 1758இல் உழவாரனைத் தகைவிலான்களோடு (ஸ்வாலோ) சேர்த்துவிட்டார். பறக்கும் சாயல் அப்படி. எலும்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உழவாரனுக்கும் ஓசனிச்சிட்டுக்கும் மேற்கை எலும்பு மிகக் குட்டை, கைப்பகுதி நீளம். இறக்கையின் பெரும்பகுதி கைதான்.

சரி, பக்கி எங்கே வருகிறது? நியூகினியிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆந்தைப் பக்கி என்று ஒரு ராப்பறவை உண்டு. பார்த்தால் பக்கி இனம் என்றுதான் சொல்வோம். மரபணுவை ஒப்பிட்டபோது அது பக்கியைவிட உழவாரனுக்கும் ஓசனிச்சிட்டுக்கும் நெருக்கம் என்று தெரிந்தது. ஆக, பக்கி வகைகளைத் தனி வரிசை, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பெரும் பிரிவு, என்று பிரித்து வைக்க முடியாது; அவற்றின் கிளைகளுக்கு நடுவில்தான் உழவாரன் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வரிசை என்பதா, பலவாகப் பிரிப்பதா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், பெயர் எதுவானாலும் உறவு மாறப்போவதில்லை.

நம் தோட்டத்துத் தேன்சிட்டை ஓசனிச்சிட்டு என்று பலர் படம் போடுகிறார்கள். அதற்கும் இந்த வம்சத்துக்கும் சம்பந்தமில்லை. ஓசனிச்சிட்டைவிடக் காக்கைக்குத்தான் அது நெருக்கம். தேன் குடிக்கும் பிழைப்பு இரண்டுக்கும் நீள அலகைத் தனித்தனியே கொடுத்தது.

இன்னொரு வேடிக்கை. ஓசனிச்சிட்டு இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஆனால் சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான அதன் புதைபடிவம் ஜெர்மனியில் கிடைத்து, 2004இல் விவரிக்கப்பட்டது. நீண்ட அலகும் அந்தரத்தில் நிற்கத் தோதான இறக்கை எலும்புகளும் அப்போதே அதற்கு இருந்தன.